துருக்கியின் அரபெஸ்க் பாட்டு: தப்பி ஓடுவதா, உட்கார்ந்து அழுவதா?

#1 பின்னல்மெஷின்

நான் திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். வேலை விஷயமாக நான்கு தடவை துருக்கி போய் வந்திருக்கிறேன். எல்லாம் கூட்டினால் பதினோரு மாதம் வரும். இஸ்தான்புல், புர்சா, கடைசியாக காஸியான்தெப். இசை பற்றி எனக்குப் படிப்பு கிடையாது. ஒரு சந்தேகம், அதைத் தீர்க்கத்தான் இந்த இழை.

தங்கியிருந்த இடத்திலிருந்து மில்லுக்கு மினிபஸ்ஸில் போவேன். டோல்முஷ் என்பார்கள். 'நிரம்பியது' என்று பொருளாம். ஆள் நிரம்பாமல் வண்டி கிளம்பாது. காலை ஆறு மணிக்கே டிரைவர் ஒரு பாட்டை ஓடவிடுவார். பத்துப் பதினைந்து வயலின் ஒரே சுரத்தைப் பிடித்து இழுக்கும். நடுவே ஒரு ஆண்குரல், அழுது முடித்து முகம் கழுவி வந்த குரல் மாதிரி. வண்டியில் ஒருவரும் பேச மாட்டார்கள். யார் பாடுவது என்று ஒருநாள் கேட்டேன். டிரைவர் நெஞ்சில் கை வைத்து "முஸ்லூம் பாபா" என்றார். பாபா என்றால் அப்பா. முஸ்லூம் குர்செஸ். 2013இல் இறந்துபோனவர்.

மில்லில் இருந்த எஞ்சினியரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். "அது அரபெஸ்க். வாழ்க்கையைச் சந்திக்கத் துணிவில்லாதவர்கள் ஓடி ஒளிகிற பாட்டு. கேட்பதானால் எங்கள் நாட்டுப்பாட்டைக் கேள்" என்று சொல்லி, ஆஷிக் வெய்செல், நெஷெத் எர்தாஷ் என்று இரண்டு பெயரை எழுதிக் கொடுத்தார்.

கேட்டேன். அந்த நாட்டுப்பாட்டை அவர்கள் துர்க்கூ என்கிறார்கள். கேட்டால் அங்கேயும் இதே தனிமைதான்! வெய்செல் 1894இல் சிவாஸ் பக்கம் சிவ்ரியாலான் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஏழு வயதில் அம்மை போட்டுப் பார்வை போனது. நீண்டு ஒடுங்கிய ஒரு பாதையில் இரவும் பகலும் நடந்துகொண்டே இருக்கிறேன் என்று பாடுகிறார். கடைசிவரை கைவிடாத காதலி கறுப்பு மண்தான் என்று இன்னொரு பாட்டு. இதைவிடத் தனிமை உண்டா? ஆனால் இது பண்பாடு, அது பலவீனம் என்கிறார்கள். ஏன்?

என் ஊகம் ஒன்று உண்டு. துர்க்கூ பாடுகிறவனுக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கிறது, போக முடியவில்லை, அவ்வளவுதான். அரபெஸ்க் பாடுகிறவனுக்கு அந்த ஊர் என்ற முகவரியே அழிந்துவிட்டது. அவன் ஓடவில்லை, ஓட இடமில்லாமல் நிற்கிறான். சரியா தவறா, சொல்லுங்கள்.

#2 மறுப்புரை

தவறு. எஞ்சினியர் சொன்னதே சரி.

அரபெஸ்க் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1950களிலிருந்து அனடோலியக் கிராமங்கள் (துருக்கியின் ஆசியப் பகுதி) காலியாகி இஸ்தான்புல், அங்காரா, அதானா பக்கம் சாரிசாரியாக வந்தார்கள். நகரத்து ஓரத்தில் குடிசை போட்டார்கள். அந்தக் குடியிருப்புக்கு கெஜெகொந்து என்று பெயர், 'இரவில் வந்து இறங்கியது'. விடிவதற்குள் கூரை போட்டுவிட்டால் உடனே இடிக்க முடியாது என்ற நம்பிக்கையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டியவை. தண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை, பாதை இல்லை. இவ்வளவுக்கும் நடுவில் இவர்கள் பாட்டு என்ன கேட்டது? குழாய்த் தண்ணீரா? சங்கமா? "விதியே, ஏன் இப்படிச் செய்தாய்" என்று காதெர், ஃபெலெக் என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்தியது. ஒன்று விதி, மற்றது சுழலும் வானம். குற்றவாளி வானத்தில் இருந்தால் கீழே இருக்கிறவனுக்கெல்லாம் நிம்மதி.

முஸ்லூம் கச்சேரிகளில் ரசிகர்கள் பிளேடால் தங்கள் நெஞ்சையும் கையையும் கீறிக்கொண்டார்கள். இஸ்தான்புல்லின் கியுல்ஹானே பூங்காவில் நடந்தது இது. பாட்டு ஆளைத் தேற்ற வேண்டும். கீறிக்கொள்ள வைத்தால் அதற்கு வேறு பெயர்.

#3 சுரபேதம்

மறுப்புரை, நீங்கள் பாதிக் கதையிலிருந்து தொடங்குகிறீர்கள். 1950க்கு முன்னால் 1934 இருக்கிறது.

அந்த ஆண்டு நவம்பரில், புதிய குடியரசு தன் வானொலியில் துருக்கியச் செவ்வியல் இசையை நிறுத்தியது. பழைய ஒட்டோமான் வாசனை வேண்டாம், ஐரோப்பிய இசையும் அதன் முறையில் சீர்படுத்திய நாட்டுப்பாட்டும் போதும் என்பது எண்ணம். கிட்டத்தட்ட இரண்டு வருடம் தடை நீடித்தது. மக்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருப்பி கெய்ரோ வானொலி கேட்டார்கள். அப்புறம் எகிப்தியப் படங்கள் வந்தன. அப்துல் வஹாப் நடித்த ஒரு படத்துக்கு 1938இல் இஸ்தான்புல்லில் கூட்டம் அலைமோதியது. அரபு மொழிப் பாட்டுக்கும் தடை வந்தது. உடனே சாதெத்தின் காய்னாக் போன்ற இசையமைப்பாளர்கள் அந்தப் படங்களுக்குத் துருக்கியிலேயே பாட்டு போட்டார்கள். வயலின் கூட்டம், ஒற்றைக் குரல், கண்ணீர்க் கதை என்ற சேர்க்கை அப்படித்தான் பழகியது. வாசலை அடைத்தார்கள், சன்னல் வழியாக வந்தது. 'அரபெஸ்க்' என்ற பெயரே 'இது நம்முடையது இல்லை, அரபுக்காரனுடையது' என்று ஒதுக்குவதற்குச் சூட்டியது. ஒர்ஹான் கென்ஜெபாய் இன்றுவரை அந்தப் பெயரை ஏற்றதில்லை.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. 1944இல் கருங்கடல் ஓரம் சாம்சுனில் பிறந்தவர். சிறு வயதிலேயே வயலின், மாண்டலின், பிறகு பாலாமா என்ற நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம். டி.ஆர்.டி. என்ற அரசு வானொலியில் கொஞ்ச காலம் வாசித்துவிட்டு வெளியே வந்தார். 1960களின் கடைசியில் 'ஆறுதல் ஒன்று தா' என்று கேட்கும் பாட்டு வந்தது. அந்த ஒலியைக் கேட்டால் துர்க்கூவின் பாலாமா, எகிப்திய வயலின், மேற்கத்திய கிதார் மூன்றும் ஒரே அறையில் வாடகைக்கு இருப்பதுபோல் இருக்கும். இதைப் படிப்பில்லாதவன் அழுகை என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1975இல் அவர் பாடிய இன்னொன்று இந்த உலகமே மூழ்கிப் போகட்டும் என்று சபிக்கிறது. இப்படிச் சபிக்கிறவனை எப்படி விதிக்குப் பணிந்தவன் என்கிறீர்கள்?

இனி சுர விஷயம், பின்னல்மெஷினுக்காக. நம் வீணையில் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு, அதாவது விரல் வைக்கும் கட்டை. பாலாமாவில் 17. மெழுகில் பதித்ததில்லை, தண்டைச் சுற்றி நரம்பால் கட்டிய மெட்டு, நகர்த்தலாம். அதனால் நம் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு ரிஷபம் உண்டு. ஹுசெய்னி, உஷ்ஷாக் என்ற மகாம்களில் (நம் ராகம் மாதிரி) அந்த இடம்தான் உயிர். அது சோகமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. முடிவு செய்யாத ஒரு நிறம். அனடோலியத் துர்க்கூவில் பெரும்பகுதி இதில்தான் நிற்கிறது. அரபெஸ்க் அதிகம் நாடுவது ஹிஜாஸ், கியுர்தி. ஹிஜாஸின் கீழ்ப்பாதி நம் மாயாமாளவகௌளையின் ச-ரி-க-ம. கியுர்தியின் கீழ்ப்பாதி தோடியின் ச-ரி-க-ம. வண்டியில் உங்களுக்கு அந்தப் பாட்டு பழகினதுபோல் பட்டிருக்கும், காரணம் இதாக இருக்கலாம்.

இன்னொன்று, தாளம். துர்க்கூவில் 'உசுன் ஹவா' என்று தாளமே இல்லாத வகை ஒன்று உண்டு, நம் விருத்தம் மாதிரி. அதில் நடு அனடோலியாவின் போஸ்லாக் தனி ரகம். ஒட்டகம் கதறுவதற்கு அவர்கள் மொழியில் போஸ்லாமாக் என்று பெயர். பாடகன் எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போய்விடுவான். பிறகு மலையிலிருந்து இறங்குகிறவன் மாதிரி படிப்படியாகக் கீழே வருவான். கூடப் பாட ஆள் கிடையாது. தாளம் இருந்தால் கை தட்டவாவது நாலு பேர் சேரலாம். அதையும் எடுத்துவிட்டால் பாடகன் தனியாகத்தானே நிற்க வேண்டும்!

#4 கொலோன் அண்ணை

தம்பிமார், நான் யாழ்ப்பாணம், இப்ப முப்பத்தைந்து வருசமாக ஜெர்மனியில் கொலோன். இந்தக் கதை எனக்குத் தெரிந்த கதை, ஆனபடியால் கொஞ்சம் நீட்டுவேன்.

நீங்கள் எல்லாரும் இஸ்தான்புல்லுக்குப் போன சனத்தைக் கதைக்கிறீர்கள். அதைவிடத் தூரம் போன சனம் இருக்கு. 1961 ஒக்டோபர் 30இல் ஜெர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டன. இஸ்தான்புல் சிர்கெஜி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மூன்று நாள் போல ஓடி மியூனிக்கில் 11ஆம் பிளாட்பாரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஃபோர்ட் கார்க் கொம்பனி, நிலக்கரிச் சுரங்கம் எண்டு பிரித்து அனுப்புவார்கள். 1973இல் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். போனால் திரும்ப வர முடியாதோ எண்ட பயத்தில், வந்தவர்கள் பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு இங்கேயே தங்கிப்போனார்கள்.

கொலோனில் ஃபோர்டில் வேலை செய்த மெதின் துர்கியோஸ் எண்ட ஒருவர் அந்த வேலைத்தலத்தைப் பற்றியே பாட்டுக் கட்டினார், அரைவாசி ஜெர்மன், அரைவாசி துருக்கி, ஃபோர்மனை நக்கலடிக்கிற பாட்டுகள். இதே ஊரில் துர்க்கியுவோலா எண்டொரு ரெக்கோர்ட் கொம்பனி இருந்தது. யுக்செல் ஒஸ்காசாப் எண்ட பெண்ணை 'கொலோன் குயில்' எண்டார்கள். சரியாகச் சொன்னால் புல்புல், நைட்டிங்கேல் பறவை. இந்தக் கசெட்டுகள் விற்றது துருக்கிக் கடைகளில், உப்பு ஒலிவ் காய்க்கும் வெண்கட்டிப் பாலாடைக்கும் பக்கத்தில். ஜெர்மன்காரருக்கு அவர்கள் பேர்கூடத் தெரியாது.

என்னோடு பதினாறு வருசம் ஒரே லைனில் நிண்டவர் ஒருவர், கிர்ஷெஹிர் பக்கத்துக் கிராமத்தான். பேர் வேண்டாம். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகமாட்டார். கார் பார்க்கில் காருக்குள் இருந்து ஒரு கசெட் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவார். பனி கொட்டும், கண்ணாடி முழுக்க ஆவி பிடித்திருக்கும். அது நெஷெத் எர்தாஷ்.

அவர் கதை தெரியுமோ? 1938இல் கிர்ஷெஹிரில் பிறந்தவர். அப்தால் எண்ட சமூகம். கலியாண வீடுகளில் கொட்டடித்துப் பாடிப் பிழைக்கிற சனம், ஊர்ச்சனம் அவர்களிடம் பாட்டு வாங்கும், பெண் கொடுக்காது. தகப்பன் முஹர்ரெம் எர்தாஷ் பெரிய போஸ்லாக் பாடகர். சின்ன வயதிலேயே தாயை இழந்து தகப்பனின் பின்னால் கலியாணம் கலியாணமாக அலைந்தார். மற்றவன் வீட்டுச் சந்தோஷத்துக்குக் கூலிக்கு வாசிக்கிற பெடியனுக்கு என்ன பாட்டு வரும்? 1957இல் வந்த முதல் ரெக்கோர்ட்டே 'ஏன் இப்படிக் கரிப் ஆக, அந்நியன்போலக் கூவுகிறாய் புல்புல்' எண்டு கேட்கிற தகப்பனின் பாட்டு. பிறகு தன் பாட்டுகளின் கடைசி அடியில் கையெழுத்துப்போல வைத்த பேரும் 'கரிப்'.

1970களின் கடைசியில் விரல்கள் இயங்காமல் போயின. வைத்தியம் தேடி ஜெர்மனி வந்தார். இருபது வருசத்துக்கு மேலே இங்கே, எங்கட கொலோனில். திரும்பவும் கலியாண மண்டபம், திரும்பவும் மற்றவன் வீட்டுக் கொண்டாட்டம். துருக்கியில் கனபேர் அவர் செத்துப்போனார் எண்டே நினைத்திருந்தார்கள். 2000இல் இஸ்தான்புல் மேடையில் ஏறினபோது சனம் வெறித்துப் பார்த்ததாம். அரசு கலைஞர் பட்டம் கொடுக்க வந்தபோது, நாங்கள் எல்லாரும் இந்த நாட்டுக் கலைஞர்தானே, எனக்குத் தனியாக ஒண்டு பாகுபாடாகப் படுகுது எண்டு மறுத்தார். 2012இல் இறந்தார். தகப்பனின் காலடியில் புதைத்திருக்கு.

பின்னல்மெஷின் தம்பி, உங்கள் ஊகத்தில் இங்கேதான் பிழை. துர்க்கூக்காரனுக்கு ஊர் இருக்கு எண்டீர்கள். அப்தாலுக்கு எந்த ஊர்? பிறந்த ஊரிலேயே அவன் வெளியாள்.

#5 கீழக்கரை சபுராளி

சின்னதாக ஒரு குறிப்பு மட்டும், டூட்டிக்கு நேரமாகிறது.

நெஷெத் எர்தாஷ் தனக்கு வைத்துக்கொண்ட அந்தக் 'கரிப்', அரபு 'கரீப்' தான். அரபில் அந்நியன், ஊர் விட்டு வந்தவன். இந்திக்கும் உருதுக்கும் வந்தபோது ஏழை ஆகிவிட்டான். துருக்கியில் இரண்டும் உண்டு, கூடவே 'பாவப்பட்டவன்', 'விசித்திரமானவன்' என்றும் பொருள். 'குர்பெத்' இதே வேர். ஊருக்கு வெளியே இருக்கிற நிலை. எதிர்ச்சொல் 'சிலா', அதாவது விட்டு வந்த ஊரும் உறவும். துர்க்கூவில் பாதிப் பாட்டு இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான்.

எங்கள் பக்கம் வெளிநாடு போனவனைச் சபுராளி என்போம், சபர் போனவன். துருக்கிக்காரன் அதையே 'செஃபெர்' என்கிறான். அவர்களிடம் 'செஃபெர்' படையெடுப்புக்கும் பெயர். யேமன் போரில் போனவர்களைப் பற்றி முஷ் ஊரைச் சொல்லும் துர்க்கூ ஒன்று உண்டு: வானத்தில் மேகமில்லை, இது என்ன புகை, போனவன் திரும்புவதில்லை, இது என்ன கதை என்று கேட்கும். ஒட்டோமான் அரசு அனடோலியாவின் பிள்ளைகளை யேமன் மணலுக்கு அனுப்பிக்கொண்டே இருந்த காலத்தின் மிச்சம். எங்கள் கேம்ப்பில் ஒரு துருக்கி எலக்ட்ரீஷியன் இதைப் பாடி முடித்ததும், அடுத்த கட்டிலில் இருந்த யேமன்காரர் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். பாட்டு எதைப் பற்றி என்று அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

#6 வேம்பு

ஐந்து பதிவு ஓடிவிட்டது, தனிமை முழுக்க ஆம்பளைகளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டீர்களே.

குர்பெத் போக ரயில் ஏற வேண்டியதில்லை, கல்யாணம் போதும். துருக்கியின் ஐரோப்பியப் பக்கமான திரேஸ் பகுதியில் மல்கரா பக்கத்துத் துர்க்கூ ஒன்று, மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்கும் இரவில் துருக்கி முழுக்கப் பாடுவது. உயர உயரக் குன்றில் வீடு கட்டாதீர்கள், தூர தூர ஊருக்குப் பெண் கொடுக்காதீர்கள் என்று தொடங்கும். பறக்கிற பறவைக்காவது தெரியட்டும், எனக்கு அம்மா ஞாபகமாக இருக்கிறது என்று முடியும். இதைப் பாடி மணப்பெண்ணை அழவைப்பது சடங்கின் பகுதி. அழாவிட்டால் கூடியிருப்பவர்கள் விடமாட்டார்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவே திரும்ப முடியாததை நினைத்து அழச் சொல்கிறார்கள். இங்கே 'சிலா' எது? பிறந்த வீடு இருக்கிறது, கதவும் திறந்துதான் இருக்கும், ஆனால் விருந்தாளியாகத்தான் போகலாம்.

அரபெஸ்க்கில் பெண் என்றால் பெர்கென். தப்பித்தல் பற்றிப் பேசும்போது இவர் பெயர் இல்லாமல் எப்படி? 1950களின் இறுதியில் மெர்சினில் பிறந்து, அங்காராவில் செல்லோ படிக்கத் தொடங்கி, இரவு விடுதிப் பாடகி ஆனவர். 1982இல் கணவன் ஏவிய ஆள் முகத்தில் அமிலம் ஊற்றினான். ஒரு கண் போனது. அந்தப் பக்கம் தலைமுடியை இறக்கி விட்டுக்கொண்டு மீண்டும் மேடை ஏறினார். 1986இல் வந்த தொகுப்பின் பெயர் 'துயரங்களின் பெண்'. அதையே பட்டமாகச் சூட்டினார்கள். 1989 ஆகஸ்டில் அதானா மாகாணத்துப் பொசான்தி அருகே அந்தக் கணவனே சுட்டுக் கொன்றான். அப்போது விவாகரத்து ஆகியிருந்தது. மெர்சினில் அவர் கல்லறையைச் சுற்றி இரும்புக் கூண்டு போட்டிருக்கிறார்கள், செத்த பிறகும் விடமாட்டேன் என்று அவன் மிரட்டியதால்.

ஆக, மறுப்புரை, 'ஓடி ஒளியும் பாட்டு' என்பவரிடம் நான் சொல்வது: பெர்கென் உண்மையிலேயே ஓடினார். ஊர் ஊராக ஓடினார். பாட்டு அவரை எங்கும் ஒளித்து வைக்கவில்லை. சுவரொட்டியில் பெயர் போட்டு அவர் இருக்கும் இடத்தைக் காட்டித்தான் கொடுத்தது.

2022இல் அவர் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்கள். 50 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் போய்ப் பார்த்தார்கள்.

#7 மறுப்புரை

வேம்பு, பெர்கெனைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அவர் துயரத்தைப் பட்டமாக்கி விற்றது யார் என்று பாருங்கள். அதே கசெட் வியாபாரம்தான். இஸ்தான்புல்லில் உன்கபானி என்ற இடத்தில் ஒரு ஜவுளி வணிக வளாகம் இருக்கிறது. பின்னல்மெஷின் பார்த்திருக்கலாம். துணிக்கடைக்கென்று கட்டியது, கசெட் கம்பெனிகள் குடியேறி இசைச் சந்தை ஆகிவிட்டது. கண்ணீர் அங்கே மொத்த விலையில் போனது. எம்ராஹ், ஜெய்லான் என்று சின்னப் பிள்ளைகளைக்கூட அனாதைப் பாட்டு பாட வைத்தார்கள். இதற்கும் பதில் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கி வருகிறேன். அரசாங்கம் இதைத் திருத்தப் போன விதம் கேலிக்கூத்து. டி.ஆர்.டி.யில் இந்தப் பாட்டுகளை ஒலிபரப்பாமல் தடுத்து வைத்திருந்தார்கள், ஆனால் 1980களில் பிரதமர் துர்குத் ஒசாலே இதன் ரசிகர். மறைக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. கடைசியில் 1989இல் பண்பாட்டு அமைச்சர் தினாஸ் தித்திஸ் ஒரு வழி கண்டுபிடித்தார்: 'வலியில்லா அரபெஸ்க்'. சத்தியமாக அதுதான் பெயர். ஹக்கி புலுத் என்ற பாடகரை வைத்து, நம்பிக்கையூட்டும் சொற்களோடு ஒரு மாதிரிப் பாட்டு செய்யச் சொன்னார்கள். எடுபடவில்லை. காரம் இல்லாத மிளகாய்ப் பஜ்ஜியை எவன் காசு கொடுத்து வாங்குவான்?

#8 சுரபேதம்

மிளகாய்ப் பஜ்ஜிக்கு ஒரு சபாஷ்.

பிளேடு விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. முஸ்லூம் குர்செஸ் உர்ஃபா மாகாணத்துச் சிற்றூரில் 1953இல் பிறந்து, பிழைப்புக்காக அதானா வந்த குடும்பம். அவர் தாயைக் கொன்றது தந்தை. 1978இல் கார் விபத்து. செத்துவிட்டார் என்று பிணவறைக்கே கொண்டுபோய்விட்டார்கள், அங்கே உயிர் இருப்பது தெரிந்தது. மண்டையில் காயம், காது மந்தம். நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அந்த மனிதர் மேடையில் அழுததே இல்லை என்பதை யாராவது கவனித்தீர்களா? பழைய காணொளிகளைப் பாருங்கள். முகம் அசையாது. கையைக்கூட அதிகம் ஆட்ட மாட்டார். கீழே இருக்கிறவன்தான் கதறுவான். அந்தக் கூட்டம் பெரும்பாலும் பட்டறைப் பையன்கள், காய்கறி மண்டிக் கூலிகள், வேலை இல்லாதவர்கள். 'தெர்த்' என்று ஒரு சொல் அவர்களிடம் உண்டு, வலி, கவலை இரண்டும் சேர்ந்தது. அதைக் கேட்க ஒருவர் இருந்தால் அவர் பாபா. கீறிக்கொண்டது சரியென்று சொல்லவில்லை. வலி இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி அவர்களிடம் இல்லை என்று நினைக்கிறேன்.

வேடிக்கை, 2006இல் அவர் ஒரு தொகுப்பு வெளியிட்டார். கவிஞர் முராத்ஹான் முங்கான் துணையோடு டேவிட் போவி, லெனார்ட் கோஹன் போன்ற மேற்கத்தியப் பாடகர்களின் மெட்டுகளுக்குத் துருக்கிச் சொல் வைத்துப் பாடியது. அதுவரை மூக்கைப் பொத்திய நகரத்துப் படிப்பாளிகள் அன்றிலிருந்து 'முஸ்லூம் பாபா' என்று சொல்லத் தொடங்கினார்கள். அதே குரல்தான். பக்கத்து வீட்டு மெட்டு போய் அடுத்த கண்டத்து மெட்டு வந்ததும் நாகரிகமாகிவிட்டது.

#9 பின்னல்மெஷின்

என் ஊகத்தைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்தால் பற்றி அண்ணா சொன்னதும், மணப்பெண் பற்றி வேம்பு சொன்னதும் என் கணக்கைக் கலைத்துவிட்டன. துர்க்கூவிலும் திரும்ப ஊர் இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் மீதிப் பாதியை விடமாட்டேன். ஃபெர்தி தாய்ஃபூர் என்று அதானாக்காரர். 2025 ஜனவரியில் இறந்தார். சின்ன வயதில் தந்தையை இழந்து, பருத்திக்காட்டில் வேலை செய்தவர். அவர் பாட்டு ஒன்று, வா நம் ஊருக்கே திரும்பிவிடுவோம், கல்யாணத்தில் கைகோத்து ஆடுவோம் என்று கூப்பிடுகிறது. துள்ளலான மெட்டு, சோகமே கிடையாது. காஸியான்தெப்பில் ஒரு நூல் மில்லில் மாலை ஷிஃப்ட் முடிந்ததும் இதை ஒருவன் போட்டான். பத்துப் பன்னிரண்டு பேர் மெஷின்களுக்கு நடுவிலேயே சுண்டுவிரல் கோத்து ஹாலாய் ஆடினார்கள். ஊர் எது என்று அப்புறம் விசாரித்தேன். மூன்று பேர் அந்த நகரத்திலேயே பிறந்தவர்கள். அவர்கள் திரும்பிப் போவதாகப் பாடிய ஊர் அப்பாவினுடையது. இரண்டு பேர் சிரியாக்காரர்கள். இதை ஓடுவது என்பதா, அழுவது என்பதா? எனக்கு இரண்டுமாகத் தெரியவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லாரும் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

அண்ணா, உங்கள் கூட வேலை பார்த்த அந்த கிர்ஷெஹிர்க்காரர் என்ன ஆனார்? ஊருக்குத் திரும்பினாரா?

#10 கொலோன் அண்ணை

திரும்பினார் எண்டும் சொல்லலாம், இல்லை எண்டும் சொல்லலாம். பென்ஷன் எடுத்ததும் கிராமத்தில் இரண்டு மாடி வீடு கட்டினார். பேரப்பிள்ளைகள் இங்கே, ஆனபடியால் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. இங்கே வெளிநாட்டான். அங்கே அவரை 'அல்மான்ஜி' எண்டு கூப்பிடுகினம், ஜெர்மன்காரனாகிப்போனவன் எண்டு. பள்ளிவாசல் சங்கத்தின் மரணச் சேமநிதிக்கு வருசா வருசம் காசு கட்டுகிறார், பெட்டியை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்புவதற்கு. அது ஒண்டுதான் ஒரு வழி டிக்கெட்.

போன கோடையில் என்னையும் மனிசியையும் கூப்பிட்டிருந்தார், போனோம். நல்ல வீடு, மொட்டை வெளி, கண்ணுக்கெட்டின தூரம் கோதுமை வெட்டின காடு. பின்னேரம் தேத்தண்ணி குடித்ததும் ஆளைக் காணவில்லை. தேடினால், முற்றத்தில் கொலோன் நம்பர் போட்ட அவருடைய பழைய காருக்குள் இருந்து நெஷெத் எர்தாஷ் கேட்கிறார், கண்ணாடியை ஏற்றிவிட்டு. வீட்டுக்குள் பெரிய டிவி இருக்கு, எல்லாப் பாட்டும் அதில் வரும். அது வேறை எண்டார். நான் மற்றப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே இருந்தேன். முப்பது வருசத்துக்கு முந்தி கார் பார்க்கில் ஒரு நாளும் அப்படி ஏறி இருந்ததில்லை.

இப்ப அந்தக் காரின் கசெட் பிளேயர் நாடாவைச் சாப்பிடத் தொடங்கிவிட்டது எண்டு போன கிழமை கோல் எடுத்தார். இங்கே கழிவுக்கடை எல்லாம் ஏறி இறங்கிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. 1990களின் ஃபோர்ட் எஸ்கோர்ட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஒண்டு யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கோ.